கருங்கல் சந்தைச் சூரையில் ஒரு பாஸ்தா சாலட்

மீனில் உசத்தி, தாழ்ச்சி பார்க்காத வீடு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குறைவு. நெய்மீன் (வஞ்சிரம்) வாங்கினால் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அயிலையும் (கானாங்கெளுத்தி) பாரையும் அன்றாடம். மத்தி என்கிற சாளைக்கு மரச்சீனிக் கிழங்கு இருந்தால் போதும், அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டோம். சூரையை வாங்கிக்கொண்டு போனால் மட்டும் "வேற மீனே கெடைக்கலியா?" என்பதுதான் அடுக்களையிலிருந்து வரும் முதல் கேள்வி. ரத்தவாடை அடிக்கும், கறுப்புச் சதை, கறி வைத்தால் சக்கையாகும், தின்றால் சொறியும் என்று அதன்மேல் புகாருக்குக் குறைவே இல்லை. அதே மீன் டின்னில் அடைபட்டு, மேலே எலுமிச்சைத் துண்டுப் படத்தோடு, கத்தாரிலிருந்தோ துபாயிலிருந்தோ பெட்டிக்குள் வந்து இறங்கினால் அலமாரியில் மேல்தட்டில் இடம் கிடைக்கிறது. 'டூனா' என்று அதன்மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் வரிச்சூரை, இல்லாவிட்டால் கேரை. இரண்டுமே எங்கள் கடலில் ஓடுகிற சூரை வகைகள். இந்த ஓரவஞ்சனை எனக்குப் பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. சாலட் செய்யப் போன இடத்தில் அதற்கு ஒரு விடை கிடைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் குடும்பம் கத்தாரில் இருக்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் ஒருநாள், "அத்தை, டூனா பாஸ்தா சாலட் பண்ணுவோமா?" என்று கேட்டாள். அங்கே மைனி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பார்கள். வேகவைத்து ஆறவைத்த மக்ரோனி, டின் மீன், மயோனைஸ், கொஞ்சம் வெங்காயம், சோளம், அவ்வளவுதான். குளிரவைத்துச் சாப்பிடுவது. கொண்டுவந்த டின்கள் எல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. மார்த்தாண்டத்தில் பெரிய கடைகளில் கிடைக்கும், வாங்கி வரலாம் என்றேன். திண்ணையிலிருந்து அம்மை சொன்னார்: "கடலு இங்க கெடக்கு. மீன டப்பாவுலயா வாங்கித் திங்கணும்?" சரி, அப்படியானால் சூரை வாங்கட்டுமா என்று கேட்டேன். "அய்யோ, அது பிள்ளைக்கு ஒத்துக்காது. சொறி வரும்." டப்பாவும் கூடாது, சூரையும் கூடாது. அம்மை சொன்ன இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ஊரே இந்த மீனை நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அம்மை சொன்னதைக் கிழவிப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சூரை தின்று முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலித்துப் படுத்தவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. நடந்தது உண்மை. ஏன் நடந்தது என்பதுதான் கேள்வி.

## சொறிக்குக் காரணம்

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மற்ற பல மீன்களைவிட அதிகம். மீன் செத்தபிறகு சூட்டில் கிடந்தால், அதன் செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியாக்கள் சதைக்குப் பரவி அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு தானாகச் சுரக்கிற அதே பொருள்தான் ஹிஸ்டமின். அதை மீன் வழியாக மொத்தமாக விழுங்கினால் உடம்பு ஒவ்வாமை வந்ததுபோலவே நடந்துகொள்ளும். வாய் காந்தும், முகம் சிவக்கும், தோல் தடிக்கும், சிலருக்கு வயிற்றோட்டமும் வரும். இதில் மோசமான சங்கதி என்னவென்றால், ஒருதடவை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைக் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் போக்க முடியாது. டின் தொழிற்சாலையின் நீராவிச் சூடுகூட அதை அழிக்காது. மீனைப் பிடித்ததும் 4 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து அப்படியே வைத்திருப்பதுதான் ஒரே வழி. அயிலைக்கும் சாளைக்கும்கூட இதே ஆபத்து உண்டு.

சூரைக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. பெரும்பாலான மீன்களின் உடம்பு, சுற்றியிருக்கும் தண்ணீரின் சூட்டில்தான் இருக்கும். சூரை இனம் அப்படி இல்லை. நிற்காமல் நீந்துவதால் தசையில் உண்டாகிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற ரத்தக்குழாய் அமைப்பு அதற்கு இருக்கிறது. அதனால் தண்ணீரைவிடச் சூடான உடம்போடுதான் அது வள்ளத்துக்குள் வந்து விழுகிறது. துள்ளித் துள்ளிச் சாகும்போது சூடு இன்னும் ஏறும். நெய்மீன் தாங்குகிற நேரத்தைச் சூரை தாங்காது. வெயிலில், மணலில், தார்ப்பாயில் ஒரு காலைப்பொழுது கிடந்த சூரை மதியம் கறியாகி வீட்டில் ஒருவருக்குச் சொறி வந்தால், பழி மீன்மேல் விழும். ஐஸ் இல்லாததைப் பற்றி யாரும் பேச மாட்டோம்.

இந்தப் பழி நம் ஊரோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த மீனை ஆள் சீண்டவில்லை. 1903ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில் சாளை வரத்து குறைந்துபோக, சும்மா கிடந்த டின்களில் ஒரு தொழிற்சாலைக்காரர் அல்பகோர் என்ற சூரை வகையை நீராவியில் அவித்து அடைத்துப் பார்த்தார். அவித்ததும் சதை வெளுத்து, கோழிக்கறியின் சாயலில் இருந்தது. அப்புறம்தான் அது வீடு வீடாகப் போனது. முதல் உலகப்போர்க் காலத்தில் விற்பனை இன்னும் ஏறியது. டின்காரர்கள் செய்வது மூன்று காரியம்: மீனைக் குளிரில் வைத்து எடுத்துவருவது, நடுவில் ஓடும் கறுப்புச் சதையைப் பிரித்து எடுப்பது, மிச்சத்தைப் பக்குவமாக வேகவைப்பது. பிரித்த கறுப்புச் சதை பெரும்பாலும் பூனைக்கும் நாய்க்கும் தீனியாகப் போகிறது. இந்த மூன்றில் எதையும் கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் செய்ய முடியாதா என்ன?

## சந்தையில்

எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற அக்கா குளச்சலிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார். கருங்கல் சந்தையில் இருப்பார். அவரிடம் சூரை வேண்டும் என்றதும் முதலில் நம்பவில்லை. "ஒனக்கா? ஒங்க அம்மை திட்டமாட்டாவளா?" சாலட் செய்யப் போகிறோம், கொஞ்சமாகத்தான் வேகவைப்போம், அதனால் நல்ல மீனாக வேண்டும் என்று விவரம் சொன்னேன். முன்னால் கிடந்த சூரையை எடுத்துக் காட்டாமல், "இது கறிக்கு ஆவும், ஒனக்கு வேண்டாம்" என்று தள்ளி வைத்துவிட்டார். வேறு பெட்டியைத் திறந்து, நொறுக்கிய ஐஸுக்குள் கைவிட்டு ஒரு வரிச்சூரையை இழுத்து எடுத்தார். அடிவயிற்றில் நீளவாக்கில் நாலைந்து கறுப்புக் கோடு, முதுகு கருநீலம். மீன் வளையாமல் கம்பிபோல நின்றது. செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. "கண்ணப் பாக்காதே பிள்ளே. கண்ணு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். எப்ப பிடிச்சது, எப்ப ஐசுல போட்டதுண்ணு கேக்கணும். எனக்கு அது தெரிஞ்சாத்தான் சூரைய நான் ஒனக்குத் தருவேன்."

எனக்கு எல்லாம் தெளிவானது அங்கேதான். ஹிஸ்டமின் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்று படித்துத் தெரிந்துகொண்டதை, படிக்காமலேயே இந்த அக்கா தொழிலாக வைத்திருக்கிறார். ஐஸ் கணக்குத் தெரியாத சூரையை அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க மாட்டார். நான் இதுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சூரைக்கு விலை மட்டும்தான் கேட்போம். மலிவாக இருக்கும், அந்த மலிவே அதன்மேல் இன்னொரு புகாராகிவிடும்.

அப்புறம் அவர் அதை வெட்டிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமாகச் சூரையைக் குறுக்கே வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் நடுமுள்ளும் கறுப்புச் சதையும் சேர்ந்தே வரும், கறி முழுக்க ரத்தவாடை ஏறும். இவர் தலையை எடுத்து, வயிற்றைச் சுத்தம் செய்து, நடுமுள்ளை ஒட்டி இரண்டு பக்கமும் நீளமாகக் கத்தியை ஓட்டினார். இரண்டு பாளம். தோலை வாலிலிருந்து பிடித்து உரித்தார். ஒவ்வொரு பாளத்தின் நடுவிலும் கருஞ்சிவப்பில் ஒரு பட்டை ஓடியது. தொட்டால் மற்ற சதையைவிட மெத்தென்று, கிட்டத்தட்ட ஈரல் மாதிரி இருந்தது. அந்தப் பட்டைக்கு மேலும் கீழும் கத்தியை விட்டு அதைத் தனியே எடுத்ததும், ஒரு மீனிலிருந்து நாலு நீளத் துண்டு சுத்தமாகக் கிடைத்தது. நல்ல செம்பருத்திச் சிவப்பு, முள் கிடையாது. கறுப்புச் சதையை வேறு பையில் கட்டி, "இத அம்மைட்ட குடு. கொடம்புளி போட்டு வைக்கச் சொல்லு" என்றார். நான் டப்பாவில் ஐஸ் கொண்டுபோயிருந்தேன். அதற்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்து வீட்டுக்கு வந்தேன்.

நிறைய ஓடுகிற மீன் என்பதால் தசைக்கு ஆக்சிஜன் தருகிற மயோகுளோபின் அந்தப் பட்டையில் குவிந்திருக்கிறது. இரும்புச் சத்தும் அதில்தான் அதிகம். வாடையும் சீக்கிரம் கெடுவதும்கூட அங்கேதான். இலங்கையில் இதே மீனைக் கொறுக்காய்ப்புளி அரைத்துப் புரட்டி அம்புல் தியல் வைப்பார்கள். அந்தப் புளிப்பு பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதால் நாலைந்து நாள் தாங்கும். எங்கள் பக்கத்துக் குடம்புளிக் குழம்பின் வேலையும் அதுவே. அன்றைக்கு அம்மை வைத்தது நல்லமிளகு தூக்கலாகப் போட்ட புளிமுளம். அதைப்பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

## சின்னத் தீயில்

சூரையில் கொழுப்பு குறைவு. குழம்பில் தளதளவென்று கொதிக்கவிட்டால் சதை இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். சக்கை என்று அம்மை சொல்வது அதைத்தான். அதனால் கொதிக்கவிடவே கூடாது. துண்டுகளில் உப்புத் தடவி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். இளஞ்சிவப்பாக நீர் விட்டிருந்தது. துணியால் ஒற்றி எடுத்தேன். சின்ன வாய் உள்ள பாத்திரமாகப் பார்த்து, துண்டுகளை நெருக்கி அடுக்கி, மூழ்கும் மட்டும் எண்ணெய் ஊற்றினேன். 300 கிராம் மீனுக்கு 300 மில்லி அளவு எண்ணெய் போதும். நசுக்கிய நல்லமிளகு, தட்டிய இரண்டு பல் பூண்டு, ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை, நாரத்தைத் தோலில் வெள்ளை இல்லாமல் ஒரு சீவல். அடுப்பைச் சிம்மில் வைத்து பக்கத்திலேயே நிற்க வேண்டும். எண்ணெயில் குமிழி வந்தால் பாத்திரத்தை இறக்கிவிட்டு, அடங்கியதும் திரும்ப ஏற்றலாம். கை அகலத் துண்டுக்கு 15, 20 நிமிடம். சிவப்பு மெல்ல மெல்ல மங்கி வெளிர் நிறமாகும். ஒரு முள்கரண்டியால் அழுத்தினால் அடுக்கடுக்காகப் பிரியும். அப்படியே எண்ணெயிலேயே ஆறவிட வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கும் அம்மைக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. தேங்காயெண்ணெய் இருக்கும்போது வேறு எண்ணெய் எதற்கு என்பது அவர் கட்சி. வாசத்துக்குத் தேங்காயெண்ணெயை அடிக்க ஒன்றும் இல்லை, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பித்துவிடும். குளிரவைத்துச் சாப்பிடுகிற சாலட்டில் மீனைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கட்டி நிற்கும், நாக்கில் மெழுகு ஒட்டும். நல்லெண்ணெய் தன் வாசத்தால் மீனை மறைத்துவிடும். சூரியகாந்தி எண்ணெயோ வாசம் குறைந்த கடலை எண்ணெயோ எடுத்தால் பிரச்சினை இல்லை. ஆலிவ் எண்ணெய் உள்ளவர்கள் அதை எடுக்கலாம், ஆனால் அவசியம் கிடையாது. பூண்டு கிடக்கிற எண்ணெயை வெளியே வைக்கக்கூடாது. ஃபிரிட்ஜில்கூட இரண்டு மூன்று நாளுக்குமேல் வைக்காதீர்கள்.

பாஸ்தாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளைந்த மக்ரோனி, சிப்பி வடிவம், முறுக்கு வடிவம் எதுவானாலும் சரி, பள்ளமும் மடிப்பும் இருந்தால் கலவை பிடித்து நிற்கும். பொட்டலத்தில் துரும் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மைதாவில் செய்தது குழைந்துபோகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு. சூடாகச் சாப்பிடுகிற பாஸ்தாவைக் கொஞ்சம் விறைப்பாக இறக்குவார்கள். சாலட்டுக்கு அப்படிச் செய்தால் ஆறியதும் மாவுச்சத்து இறுகி ரப்பராகிவிடும், அதனால் பொட்டலத்தில் சொன்னதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகட்டும். வடித்ததும் பச்சைத்தண்ணீரில் அலசி, நன்றாக உதறி, மீன் வெந்த எண்ணெயில் இரண்டு கரண்டி விட்டுப் பிசறி வைத்தேன். அந்த எண்ணெய்தான் இந்தச் சாலட்டின் உயிர். டின்னில் இது கிடைக்காது. 185 கிராம் டின்னைத் திறந்து வடித்தால் கையில் மிஞ்சும் மீன் சுமார் 130 கிராம்தான், வடிந்ததைப் பெரும்பாலும் கொட்டிவிடுகிறோம்.

## பச்சை முட்டை இல்லாமல்

கிரீமுக்கு அண்ணன் மகள் மயோனைஸ் கேட்டாள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. சால்மோனெல்லா, ஈ.கோலி, லிஸ்டீரியா போன்ற கிருமிகளைக் காரணமாகச் சொன்னார்கள். கடைகளுக்குத்தான் அந்தத் தடை, வீட்டு அடுக்களைக்கு இல்லை. ஆனாலும் எங்கள் சீதோஷ்ணத்தில், கரண்ட் போய்ப்போய் வருகிற மழைக்காலத்தில், பச்சை முட்டை மயோனைஸைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. முட்டை இல்லாத பாட்டில் மயோனைஸ் கிடைக்கிறது, அதில் இனிப்பு கூடுதல். மீனோடு அந்த இனிப்பு எனக்குப் பிடிக்காது.

அதனால் அரை லிட்டர் பாலில் உறைந்த தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் கெட்டியாக ஒரு கிண்ணம் வந்தது. அவித்த இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, உப்பு, தயிர் எல்லாவற்றையும் மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு, மீன் வெந்த எண்ணெயை மூன்று கரண்டி கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஓட்டினேன். மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், வேகவைத்த கருவிலும் அந்த வேலை ஓரளவு நடக்கும், மீதியைத் தயிர் பார்த்துக்கொள்ளும். ஜாரைச் சாய்த்தால் ஒழுகாமல் மெதுவாக இறங்கியது. தொட்டு நாக்கில் வைத்தால் பூண்டும் நல்லமிளகும் மீனும் ஒன்றாகத் தெரிந்தது. வெள்ளைக் கருவைப் பொடியாக நறுக்கிச் சாலட்டிலேயே போட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவில் இதற்கு செலரித் தண்டும் உப்பில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சும் போடுவார்கள். ஒன்று கறுக்கென்று கடிபட, இன்னொன்று புளிக்க. கடிக்க நான் சாம்பார் வெள்ளரி எடுக்கவில்லை, பிஞ்சு வெள்ளரியை விதை நீக்கி உப்புப் போட்டுப் பிழிந்து எடுத்தேன். பிழியாமல் போட்டால் சாலட் தண்ணீர் விட்டுவிடும். புளிப்புக்கு வீட்டுப் பின்பக்கம் மரத்தண்டில் கொத்துக்கொத்தாகக் காய்த்துக் கிடக்கிற புளிச்சிக்காய் (பிலிம்பி). மெல்லிசாக அரிந்து உப்பில் அரைமணி ஊறவைத்துப் பிழிந்தால், கடையில் பாட்டிலில் வருகிற எந்த ஊறுகாய் வெள்ளரியும் பக்கத்தில் நிற்க முடியாது. சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறேழு, பொடியாக அரிந்து தண்ணீரில் போட்டு எடுத்தது, காரம் அடங்கும். பிள்ளைக்காக ஒரு கை அவித்த சோளம்.

200 கிராம் பாஸ்தாவுக்கு இவ்வளவும். முதலில் பாஸ்தாவும் காய்களும் கலவையில் முக்கால்வாசியும் சேர்த்துக் கிளற வேண்டும். மீனைக் கடைசியில், கையால் பெரிய இதழ்களாகப் பிரித்துப் போட்டு, இரண்டு புரட்டுதான். டின் மீனில் இந்த இதழ் பெரும்பாலும் கிடைக்காது, தூளாகவே வரும். மீதி கால்வாசிக் கலவையை எடுத்து வைப்பது எதற்கென்றால், குளிர்ந்து கிடக்கும்போது பாஸ்தா ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பரிமாறப் போகும்போது அதை விட்டுக் கிளறினால்தான் திரும்பவும் கிரீமாகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாலட்டை எங்கள் ஊர் வெக்கையில் ஒரு மணிநேரத்துக்குமேல் வெளியே வைக்கக்கூடாது.

அண்ணன் மகள் ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, "அத்தை, இது கோழி மாதிரி பிரியுது" என்றாள். அம்மை கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மக்ரோனியை ஒதுக்கிவிட்டு மீன் இதழ் ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டு, "இதா சூரை?" என்றார். இன்னொன்று எடுத்தார். மறுநாள் எண்ணெயில் மிச்சம் கிடந்த மீனை, அவித்த மரச்சீனியோடு காந்தாரி மிளகாய் நசுக்கிப் போட்டு அவரே பிசைந்து வைத்திருந்தார். யாருக்கும் சொறி வரவில்லை.

தூத்தூர்ப் பக்கம், நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரைக்கும் எட்டு ஊர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறாவும் கேரையும் பிடிக்கிறார்கள். தூண்டில் போட்டுச் சூரை பிடிப்பதில் அவர்கள் கைக்கு நாட்டில் பெயர் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது கரை திரும்பாதவர்களில் அந்த ஊர்க்காரர்கள் ஏராளம். அவர்கள் பிடிக்கும் மீனில் பெரும்பகுதி கொச்சியில் இறங்கி, நல்லது ஏற்றுமதியாகிவிடுகிறது. இங்கே வாங்க ஆள் இல்லாதபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஐஸ் வைத்த சூரையைக் கேட்டு வாங்குகிற வீடுகள் கூடினால், விற்கிற அக்காக்களும் ஐஸ் வைத்த சூரையைக் கொண்டுவருவார்கள். நல்ல விலை கொடுக்க நான் தயார். நெய்மீனுக்குக் கொடுக்கிறோமே.

தடைக்காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் ஜூனில்தான் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறார்கள். மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கடலுக்குப் போகாது. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் அடைத்துக் கிடக்கும். அப்போது சந்தைக்கு வருகிற சூரை வெளியூர்ப் பெட்டி மீனாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன் ஐஸ் கணக்கு நம் அக்காவுக்கே தெரியாது. அந்த நாளில் பிள்ளைகள் கேட்டால் டின்னையே வாங்குங்கள், எண்ணெயில் அடைத்ததாகப் பார்த்து, அந்த எண்ணெயைக் கொட்டாமல் கலவையில் சேருங்கள். ஜூன் 15க்குப் பிறகு சின்னமுட்டத்துப் படகுகள் ஓட ஆரம்பித்துவிடும். கன்னியாகுமரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கையோடு ஒரு ஐஸ் பெட்டியும் எடுத்துப் போனால், திரும்பும்போது வரிச்சூரை வாங்கி வரலாம். வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் வெட்டித்தரச் சொல்லுங்கள்.